தூக்கம் தூங்கிய மில்

தூங்குதல் என்னும் சொல்லுக்குத் தொங்குதல் என்பதே பழைய பொருள் என்பதையும், ஓலை நுனியில் கூடு கட்டித் தொங்கவிடும் குருவிக்குத் தூக்கணாங்குருவி என்னும் பெயர் அதனாலேயே வாய்த்தது என்பதையும், சேவூர்ச் சாலையில் இருக்கும் பூங்கோதை மில்லின் முழு நைட் என்னும் நள்ளிரவு முறைத் தொழிலாளர்கள் அறிந்திருக்கவில்லை. அறியாத அவர்களின் தலைக்கு மேலேயே, மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னிரவு இரண்டரை மணிக்கு, அந்தச் சொல் தன் பழைய பொருளை மீட்டுக்கொண்டது. அவர்கள் தூங்காமல் விட்ட தூக்கமெல்லாம் கூரையின் இரும்பு உத்தரங்களிலிருந்து தூங்கியது.

ஒவ்வொருவர் நிற்கும் இடத்துக்கும் நேர்மேலே ஒவ்வொரு கூடு இருந்தது. பஞ்சுபோல் வெளுத்து, அடியில் பருத்து, மேலே மெலிந்து, ஒற்றை இழைக் காம்பில் அது மெல்ல ஆடிற்று. புதிதாகச் சேர்ந்தவர்களுடையது எலுமிச்சங்காய் அளவும், பழகியவர்களுடையது தேங்காய் அளவும், மேஸ்திரி நாகமாணிக்கத்துடையது முற்றிய பூசணிக்காய் அளவும் இருந்தன. பதினோராண்டுகளாக முழு நைட் தவிர வேறு வேலை நேரமே கேட்டறியாத கருணாம்பிகையின் கூடோ கட்டிவைத்த பஞ்சுப் பொதியளவு இருந்தது. அண்ணாந்து பார்த்தவர்கள் வியப்பதற்குள், நூல் முறுக்கிச் சுற்றும் கதிர்களில் இழைகள் அறுந்தன; அறுந்த இழையைப் பிணைப்பதற்காகவே சம்பளம் வாங்கும் சைடர்கள் ஆகையால், அவர்கள் குனிந்து பிணைத்தார்கள்; அன்றைய வியப்பு அவ்வளவோடு முடிந்தது.

பஞ்சாலையில் வேலை செய்பவர்கள் கூரையில் வெள்ளையாக எதைக் கண்டாலும் பஞ்சுத் தூசி என்றே கொள்வார்கள். வேறு எந்தத் தொழிலாளரும் செய்ய முடியாத அந்தப் பிழையை வெள்ளிக்கிழமை அவர்கள் செய்தார்கள். துப்புரவுப் பணியாளர் வேலுமணி, மூங்கில் கழியின் நுனியில் விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு வந்து, வாரந்தோறும் கூட்டுவதுபோல் கூரையைக் கூட்டலானார். முதற் கூடு விழுந்தபோது பாபின் கழற்றிக்கொண்டிருந்த ஒருத்தி பாபினை மார்போடு அணைத்தவாறே உறங்கிப்போனாள். இரண்டாவது கூடு விழுந்தபோது ஏணியின் கீழ்ப்படியில் நின்ற மின்பணியாளர் அந்தப் படியிலேயே அமர்ந்து உறங்கினார். மூன்றாவதாக விழுந்தது மேஸ்திரியின் பூசணிக்காய். யாரையோ திட்டுவதற்குத் திறந்த வாயை மூடாமலேயே அவர் சுவரில் சாய்ந்து, சுவரோடு வழுக்கி, தரையில் நீட்டிப் படுத்தார்.

வேலுமணி நான்காவதாகக் கழியை நீட்டியது பொதியளவுக் கூட்டை நோக்கி. கருணாம்பிகை கழியின் குறுக்கே கையை வைத்துத் தடுத்தாள்.

"ஏனுங்ணா, என்ற தூக்கத்தையும் நீங்க கூட்டித் தள்ளிட்டீங்கன்னா, நாளைக்கு நான் எங்க போயித் தேடறது?" என்றாள்.

அவள் சொன்ன பிறகே அது தூசியன்று, தூக்கம் என்பது எல்லார்க்கும் விளங்கிற்று. விழுந்த மூன்றையும் கழிவுப் பஞ்சுச் சாக்கிலிருந்து அவசரமாக மீட்டார்கள். மீட்காமல் விட்டிருந்தால், அந்தப் பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சட்டையாகி, முன்பின் அறியாத ஊரில் எவரோ ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்ட கையோடு மேஸ்திரியின் தூக்கத்தைத் தூங்கியிருப்பார்.

மேஸ்திரியை எழுப்புவதற்கு அவர் மனைவியை அழைத்து வந்தார்கள். அந்த அம்மாள் கணவரை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"எழுப்பாதீங்க. கல்யாணமாயி இருபத்தாறு வருசத்துல இந்த மனுசன் பல்லக் கடிக்காமத் தூங்கி இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போர்வை எடுத்துவரப் போனாள்.

நான்கு நாள் உறங்கி எழுந்த நாகமாணிக்கம் ஒரு வாரம் வரை ஒருவரையும் திட்டவில்லை. அதைக் கண்டு பயந்தவர்களும் மில்லில் இருந்தார்கள்.

பிறகு, எந்தப் புதுமைக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது. அதற்கென்று விதிகள் வந்தன. கட்டடத்துக்குள் தொங்குவன யாவும் நிர்வாகத்தின் உடைமை என்றார் மேலாளர். உறங்காமல் உழைத்தவன் தொழிலாளி, ஆகவே அவன் உறங்காத உறக்கமும் அவனுக்கே உரியது என்றார் சங்கச் செயலாளர். மூன்று பேச்சுவார்த்தைகளுக்குப் பின், கூரை நிர்வாகத்துக்கு, கூடு தொழிலாளிக்கு என்று முடிவாயிற்று. கூடுகளுக்குப் பெயரட்டை கட்டினார்கள். இயந்திரங்களின் மேல் ஓடித் தூசி ஊதும் விசிறியின் வேகத்தைக் குறைத்தார்கள். ஒருவரை வேறு இயந்திரத்துக்கு மாற்றினால் மறுநாள் கூடும் அங்கே மாறியிருந்ததால், மாற்றல் ஆணையில் 'கூடு உட்பட' என்று சேர்த்து எழுதினார்கள். 'இங்கே தூங்கக் கூடாது' என்று எழுதிய பலகை மட்டும், இரண்டு கம்பிகளில் மாட்டப்பட்டு, முன்போலவே நடுக்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த முரண் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கூடு எதனால் வளர்கிறது என்பதைக் கண்டறிந்தவள் சாந்தாமணி. கருணாம்பிகைக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்பவள், வாய் ஓயாதவள், வாயைவிடக் கண் ஓயாதவள். கேன்டீன் ரங்கண்ணன் மணிக்கொரு முறை தள்ளுவண்டியில் காப்பி கொண்டுவருவார். ஒரு தம்ளர் குடித்த அரைமணிக்குள், குடித்தவரின் கூட்டில் பழுப்பு நிற இழை ஒன்று கூடுதலாகச் சுற்றிக்கொண்டது. அந்த இழைக்கு வேண்டிய நார் காற்றில் வரவில்லை. கூட்டைத் தாங்கும் காம்பிலிருந்தே உரிந்து வந்தது. கூடு பருக்கப் பருக்கக் காம்பு மெலிந்தது. கருணாம்பிகையின் கூடு வெளிப்புறம் முழுவதும் பழுப்பாகவே இருந்தது.

அவள் இரவொன்றுக்கு ஆறு தம்ளர் குடிப்பவள். கணவன் சென்னியப்பன் காய்ச்சலில் இறந்தபோது மகள் கௌசிகாவுக்கு வயது பத்து. பகலில் மகளுக்குச் சமைக்கவும், பள்ளிக்கு அனுப்பவும், மாலையில் வாசலில் நின்று வரவேற்கவும் வேண்டியிருந்ததால், கருணாம்பிகை முழு நைட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பகலில் மூன்று மணி நேரம் உறங்கினாள். மீதியைக் காப்பி பார்த்துக்கொண்டது. அண்டை வீட்டில் மகளைப் படுக்கவைத்துவிட்டு இரவு பதினொன்றரை மணிக்கு மில்லுக்குப் புறப்படும்போதெல்லாம், போர்வையை இழுத்துவிட்டு, "நீ தூங்கு கண்ணு, நான் முழிச்சிருக்கறேன்" என்பாள். பதினோராண்டுகளில் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. பெருந்துறையில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், இரவில் தொலைபேசியை வைக்கும்முன் அதைக் கேட்காமல் கௌசிகா வைப்பதில்லை.

அந்தக் கௌசிகா இப்போது முழுகாமல் இருந்தாள். வைகாசியில் வளைகாப்பு; ஆனிக் கடைசியில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில், தாய்வீட்டில் தாயைத் தவிர வேறு எவரும் இல்லை.

ஃபிட்டர் சின்னராஜ் ஏணியில் ஏறி, நூலின் பருமனைப் பார்க்கும் பூதக்கண்ணாடியால் காம்பைப் பார்த்தார். மேஸ்திரியின் பூசணிக்காய்க்கு நான்கு நாள் என்றால், இந்தப் பொதி ஒருசேர விழுந்தால் ஒன்றரை ஆண்டு உறக்கம் என்றும், இப்படியே குடித்துக்கொண்டிருந்தால் சித்திரைக்கு மேல் காம்பு தாங்காது என்றும் சொன்னார். பிறக்கப்போகும் குழந்தை நடந்து, பேசி, 'இது யார் எந்நேரமும் படுத்திருக்கிறது' என்று கேட்கும் காலத்தில்தான் அவள் கண் திறப்பாள் என்பதை அவர் சொல்லவில்லை. ஏணியிலிருந்து இறங்கிய விதத்தில் அது தெரிந்தது. காப்பியை விட்டால் ஆனி முடியத் தாங்குமா என்று மட்டும் அவள் கேட்டாள். தாங்கலாம் என்றார்.

அன்றே அடியோடு விட்டாள். மூன்றாம் இரவு தலைக்குள் ஓர் இயந்திரம் ஓடுவதுபோல் வலித்தது. பதினோராண்டுகளாகவே இலேசாக நடுங்கிவந்த விரல்கள் இழையின் முனையைத் தேடித் துழாவின. அவள் பொறுப்பிலிருந்த கதிர்களில் அறுந்த இழைகள் நாற்பதுக்கு மேல் காற்றில் பறந்தன. விடியுமுன் தோற்றுப்போய் அடுத்தடுத்து மூன்று தம்ளர் குடித்தாள். காம்பு ஒரு சிம்பு உரிந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் சாந்தாமணி வந்து நின்றாள்.

"மூணு நாளா உங்க மூஞ்சியப் பாத்து மெசினே பயந்து நிக்குதுங்க்கா. ஓடற கதிர வெடுக்குன்னு நிறுத்துனா இழை நிக்குமா, எகிறிப் போயிருமா? வேகத்தக் கொறச்சுத்தான நிறுத்தோணும்? இருபது வருச சைடருக்கு இத நான் சொல்றனாக்கும்" என்றாள்.

ஆகவே வேகத்தைக் குறைத்தார்கள். முதல் வாரம் ஆறு தம்ளர் ஐந்தாயிற்று. அடுத்த வாரம் நான்காயிற்று. காலை நான்கு மணிக் காப்பியை முதலில் நிறுத்தினார்கள், ஏனெனில் அதுதான் காலை ஒன்பது மணிக்குப் படுக்கையில் வந்து கண்ணிமையைத் தூக்கிப் பிடித்தது. தன் டிகாக்‌ஷனில் பெருமை உள்ளவரான ரங்கண்ணனுக்கு இதில் மனவருத்தம். இரண்டு நாள் ஒருவரோடும் பேசாமல் வண்டியைத் தள்ளினார். மூன்றாம் நாள் அதே பாய்லரில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதித்து வந்தன. சுக்கு மல்லிக் காப்பி என்னும் பெயரில் காப்பி இருந்தபடியால் கூடு பருக்குமோ என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூடுகள் பெயரைப் பார்க்கவில்லை, பொருளையே பார்த்தன. ஓர் இழைகூடச் சுற்றவில்லை.

கருணாம்பிகைக்காகத் தொடங்கியது மெல்ல எல்லார்க்கும் உரியதாயிற்று. நள்ளிரவில் வயிறு நிறையச் சோறு உண்டவர்கள் அதைப் பாதியாக்கி, பின்னிரவில் வறுத்த கடலையும் மோரும் எடுத்துக்கொண்டார்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்தார்கள். கண் சொருகும் நேரத்தில் நின்ற இடத்தில் நிற்காமல் கூடத்தின் நீளம் நடந்து திரும்பினார்கள். மங்கலாக இருந்த நடைவழியில் சின்னராஜ் வெள்ளை விளக்குகளைப் போட்டார். மூன்று மணிக்கு முறைவைத்துப் பஞ்சுக் கிடங்கில் இருபது நிமிடம் படுத்தார்கள். இருபதைத் தாண்டியவர்கள் தலை கனத்து எழுந்ததைக் கண்டு, நாகமாணிக்கமே கடிகாரத்தோடு வாசலில் நின்று எழுப்பினார். இழை அறுவது குறைந்ததை அறிக்கையில் கண்ட மேலாளர், கிடங்குப் பக்கம் அந்த நேரத்தில் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் கூடு கரைய வேண்டுமென்றால் காப்பியைக் குறைத்தால் போதாது. பகலில் உறங்கவும் வேண்டும். அதைக் குடியிருப்பு பார்த்துக்கொண்டது. மில்லுக்குப் பின்னால் இருந்த நான்கு தெருக்களில், இரவு உழைத்தவர்களின் சன்னல்கள் பஞ்சுப் பொதி சுற்றி வந்த சணல் சாக்குகளால் மூடப்பட்டன. பகல் பதினொரு மணிக்கு அந்த வீடுகளுக்குள் நல்ல இருட்டு இருந்தது. மாவாட்டுவது மாலை நான்குக்குப் பின் என்றாயிற்று. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை ஆளில்லாத குளத்துப் பக்கம் திருப்பிவைத்தார்கள். உப்பு விற்பவர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, வீடு வீடாக வந்து, வேண்டுமா என்று சைகையால் கேட்டார். கண்ணாமூச்சி ஆடிய குழந்தைகள் ஒன்றிலிருந்து நூறு வரை உதட்டசைவால் எண்ணினார்கள். சித்திரையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் அந்தத் தெருக்களைக் கடக்க நேர்ந்தபோது, தவில்காரர் கோலை இடுப்பில் செருகிக்கொண்டார், நாகசுரக்காரர் சீவாளியைக் கழற்றினார், வெறும் செருப்போசையோடு நான்கு தெருக்களையும் கடந்து, ஐந்தாம் தெருவில் விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டார்கள்.

வைகாசிக்குள் எலுமிச்சங்காய்களும் தேங்காய்களும் ஒவ்வொன்றாகக் கரைந்து மறைந்தன. தன் கூடு மறைந்த இடத்தை அண்ணாந்து பார்த்துச் சிறிது ஏங்கியவர்களும் உண்டு; நெடுநாள் உழைத்ததற்குச் சான்றாக இருந்தது அது ஒன்றுதான் என்பது அவர்கள் எண்ணம். கருணாம்பிகையின் பொதி, வளைகாப்பு முடிந்து கௌசிகா தாய்வீட்டுக்கு வந்தபோது, ஒரு பெரிய குடத்தின் அளவுக்கு வந்திருந்தது. வாரங்களாகவே அவள் காப்பியைத் தொடவில்லை. விரல் நடுக்கம் நின்றுவிட்டது. கௌசிகா தாயின் கையைப் பிடித்துப் பார்த்து, இந்தக் கை இப்படி அசையாமல் இருந்து தான் பார்த்ததே இல்லை என்றாள். ஆயினும் மெலிந்த காம்பு மெலிந்ததுதான்; அது மயிரிழை அளவிலேயே நின்றது.

ஆனி இருபத்தெட்டாம் நாள், பின்னிரவு இரண்டு மணிக்கு, கௌசிகாவுக்கு வலி கண்டது. அண்டை வீட்டார் அவளை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மில் வாயிலுக்குத் தகவல் சொன்னார்கள். வாயிற்காவலர் கூடத்துக்குள் ஓடிவந்து சொன்னபோது கருணாம்பிகை கிடங்கிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தாள். பக்கத்தில் ரங்கண்ணன் நின்றார். நல்ல மனிதர், அந்த ஊரில் நல்ல மனிதர்கள் பிறர் கலங்கும்போது முதலில் செய்வது எதுவோ அதையே செய்தார்.

"அம்மிணி, பெத்த மகளப் பாக்கப் போறே, வெறுஞ் சுக்குத் தண்ணியிலயா போவே? இந்தா, தெம்பா இரு" என்று, தனக்கென்று தனியாக வைத்திருந்த கட்டி டிகாக்‌ஷனில் ஒரு தம்ளர் கலந்து நீட்டினார். மனம் மருத்துவமனையில் இருந்தது, கை வாங்கிற்று, வாய் குடித்தது. தம்ளரைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நாவில் நின்ற கசப்பு அவளுக்கு எட்டியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரங்கண்ணன் தம்ளரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஆயிரம் கதிர்கள் இரைகிற கூடத்தில் ஒற்றை இழை அறுவதைச் சைடரின் காது அறியும். காம்பு அறுந்ததைக் கருணாம்பிகை கேட்டாள். வாரக்கணக்கில் வெறுமனே இருந்த கூடு அந்த ஒரு தம்ளருக்குக் காம்பின் நாரையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. மேலே பார்த்தாள், பஞ்சு இறங்குவதுபோல, அவசரமின்றி, அது இறங்கிவந்தது, அது இறங்க இறங்க அவள் இமைகளும் இறங்கின.

முழங்கால் மடங்குமுன் பாபின் வண்டியின்மேல் ஏறினாள். சாந்தாமணியும் மற்றவர்களும் ஓடிவந்து, கூடை தாங்குவதுபோல் இருபது கைகளால் கூட்டைத் தாங்கி உயர்த்திப் பிடித்தார்கள். கருணாம்பிகை காம்பின் கீழ்முனையை வலக்கை விரல்களில் எடுத்தாள். உத்தரத்திலிருந்து தொங்கிய மேல்முனையை இடக்கையால் பற்றினாள். தன் வாழ்நாளில் இலட்சம் முறை செய்ததைப் போல, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, பெருவிரலால் ஒரு முறுக்கு முறுக்கினாள். மாசி மாதத்து விரல்களாக இருந்திருந்தால் முனைகள் ஒன்றையொன்று சந்தித்திரா. இந்த விரல்கள் நடுங்கவில்லை. இழை ஓடிப் பிடித்துக்கொண்டது. அவள் கண்கள் திறந்தன.

சின்னராஜ் பிணைத்த இடத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, கூட்டைத் தாங்கிய கைகளை எடுக்க வேண்டாம் என்று சைகை காட்டினார்.

"போங்க்கா. இத நாங்க புடிச்சுக்கறோம், நீங்க போயி அதப் புடிங்க" என்றாள் சாந்தாமணி.

விடியும்வரை அவர்கள் கூட்டைக் கீழிருந்து தாங்கினார்கள். தொட்டவர்களுக்கு உறக்கம் வந்தமையால், பத்து நிமிடத்துக்கு ஒருவராக ஆள் மாறினார்கள். மேஸ்திரி கடிகாரம் பார்த்தார். ரங்கண்ணன், வேண்டாம் என்று மற்றவர்கள் சொல்லியும், தம் முறையை இருமடங்காக வாங்கிக்கொண்டார். காலை ஐந்தே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் முதல் அழுகையைக் கருணாம்பிகை விழித்திருந்து கேட்டாள். செவிலி துணியில் சுற்றி நீட்டியபோது அசையாத இரு கைகளால் வாங்கினாள். கௌசிகா கண் திறந்தபோது முகத்துக்கு நேரே தாய் நின்றாள்.

மூன்றாம் நாள் தாயும் சேயும் வீடு திரும்பினார்கள்; அதுவரை மில்லில் இரவு பகலாக முறைவைத்துக் கூட்டைத் தாங்கினார்கள். அன்று மாலையே மில் வண்டியில், முழு நைட்காரர்கள் அறுவர் மடியில் தாங்க, உத்தரத்திலிருந்து காம்போடு கழற்றிய கூடும் வந்து சேர்ந்தது. பிணைத்த இடம் இனி ஓர் இரவும் தாங்காது. அந்த வீட்டு உத்தரத்தில் இருந்தது ஒரே கொக்கி. கௌசிகா பிறந்தபோது சென்னியப்பன் தொட்டிலுக்காக அடித்தது அது. கூட்டை வெளியே வேப்பமரத்தில் கட்டலாம் என்றாள் கருணாம்பிகை. கொக்கி குழந்தைக்குத்தான் என்றாள். குழந்தையைச் சாந்தாமணி கையில் கொடுத்துவிட்டு, கௌசிகா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா அடிச்ச கொக்கிம்மா. ரெண்டையும் தாங்கும்" என்றாள்.

தொட்டில் சேலையையும் கூட்டையும் ஒரே கொக்கியில் மாட்டினார்கள். கருணாம்பிகை அதன் அடியில் பாய் விரித்து உட்கார்ந்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் முறையையும், வசம்பு உரைத்து வைக்கும் இடத்தையும், பத்திய மிளகு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதையும் மறுபடி மறுபடி சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட கௌசிகா போர்வையை இழுத்து அவள்மேல் விட்டாள்.

"நீ தூங்கும்மா. நான் முழிச்சிருக்கறேன்."

கருணாம்பிகை மகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு படுத்தாள், கூடு, அறுந்தது என்று சொல்ல முடியாதபடி, ஒரு பெருமூச்சுப்போல இறங்கி அவள்மேல் படிந்தது.

குழந்தை இருபத்து மூன்று நாள் தொட்டிலில் ஆடியது. கருணாம்பிகை இருபத்து மூன்று நாள் தொட்டிலின் கீழ் உறங்கினாள். அவளுக்குப் பசியில்லை; கூடே அவளுக்கு ஊட்டிற்று, நாளுக்கு நாள் மெலிந்தது. பத்தியச் சோறு ஒரு நாள் சாந்தாமணி வீட்டிலிருந்தும், ஒரு நாள் மேஸ்திரி வீட்டிலிருந்தும் வந்தது. குழந்தை அழுதபோதெல்லாம் கௌசிகா ஒரு கையால் தொட்டிலை ஆட்டினாள், மறு கையால் தாயின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்; பிள்ளை பெற்றவள் தன் தாய்க்கும் சேர்த்துத் தாலாட்டுப் பாடியதை நான்கு தெருக்களும் மெல்லக் கேட்டன.

இருபத்து நான்காம் நாள் காலையில் கருணாம்பிகை கண் விழித்தாள். சணல் சாக்கை விலக்கிய சன்னலில் வெயில் இருந்தது. வாசலில், இருபது நாளாக வெளியே நின்று விசாரித்துவிட்டுப் போகும் ரங்கண்ணன், உள்ளே வரத் தயங்கியபடி ஒரு தூக்குப்போசியோடு நின்றார். போசியில் என்ன என்று கேட்டாள். சுக்கு மல்லிதான் என்றார்.

"இல்லீங்ணா, காப்பி கொண்டுவாங்க. அரைத் தம்ளர். ருசி மறந்தே போச்சுங்" என்றாள்.

அவர் நம்பாமல் போய் நம்பாமல் கொண்டுவந்தார். வெயில் விழுந்த படியில் உட்கார்ந்து, உறக்கத்தை விரட்டுவதற்காக அன்றி, காப்பி குடிப்பதற்காகவே அவள் காப்பி குடித்தாள். குடித்து முடித்ததும் இருவரும் உள்ளே திரும்பி உத்தரத்தைப் பார்த்தார்கள். அரைமணி வரை பொறுத்து மறுபடியும் பார்த்தார்கள். ஒரு பழுப்பு இழையும் இல்லை. கொக்கியில் தொட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது, தொட்டிலுக்குள் குழந்தையும்.